அளவும் நாணயமும்

கிராமச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் அளவு. தவணை பாக்கியைப் பற்றி இந்த இன்ஸ்பெக்டர் பேசுவார் என்று எண்ணி வந்தவர்கள் சற்று ஏமாற்றமடையக்கூடும்; சிலருக்கு அது ஆறுதலாகவும் இருக்கலாம். ஆயினும் நம் சங்கத்தில் அளவில்லாமல் நடைபெறும் காரியம் ஒன்றேனும் உண்டா என்று யோசித்துப் பாருங்கள். நிலத்தின் பரப்பைப் பார்த்துப் பயிர்க்கடன் கொடுக்கிறோம். நகையை நிறுத்து ஈடாகப் பெறுகிறோம். உரத்தை மூட்டையாக வழங்குகிறோம். பாலை முகந்து வாங்குகிறோம். பணத்தை எண்ணுவதற்கு முன்னால் பொருளை அளக்க வேண்டியிருக்கிறது. அளவு தவறிவிட்டால், பேரேடு எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் அது அழகாக எழுதப்பட்ட தவறேயாகும்.

நான் மெட்ரிகுலேஷன் வரையில் வாசித்தவன். பள்ளிக்கூடத்துப் பௌதிகப் புத்தகத்தின் முதல் அத்தியாயம் அளவைகளைப் பற்றியது. அதைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்த மறுநாளே மறந்தேன். அதை மறந்ததன் பலனை உத்தியோகத்தில் சேர்ந்த பிறகு அனுபவித்தேன். ஒரு யோக்கியமான மனிதரின் மானத்துக்கு என் மறதியால் பங்கம் வர இருந்தது. அந்தச் சம்பவத்தைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அந்த அத்தியாயத்தில் உள்ளவற்றை நம் சங்க வேலைக்குப் பொருத்திச் சொல்லிவிடுகிறேன்.

எண்ணும் அலகும்

அளவு என்பது இரண்டு பாகங்களை உடையது. ஒன்று எண், மற்றொன்று அலகு. '5' என்று ஒருவர் சொன்னால் அது அளவாகாது. 5 கிலோவா, 5 படியா, 5 மூட்டையா என்று கேட்க வேண்டியிருக்கிறது. இது குழந்தைக்கும் தெரிந்த சங்கதி அல்லவா என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் நம் ரிஜிஸ்தர்களில் அலகு எழுதாத எண்கள் எத்தனை இருக்கின்றன என்பதை நான் அறிவேன்.

அலகைப்போல் தோன்றி அலகாக இல்லாதவையும் உண்டு. 'மூட்டை' அத்தகையது. யூரியா மூட்டை நெடுங்காலமாக 50 கிலோவாக இருந்தது. 2018-ஆம் ஆண்டில் அதை 45 கிலோவாக மாற்றினார்கள். சாக்கின் நிறமும் உருவமும் ஏறக்குறைய முன்போலவே இருக்கின்றன. உள்ளே 5 கிலோ குறைவு. 'என் தகப்பனார் காலத்திலிருந்து ஏக்கருக்கு இத்தனை மூட்டை' என்று கணக்கு வைத்திருப்பவர், தம்மை அறியாமலேயே பத்தில் ஒரு பங்கு உரத்தைக் குறைத்து இடுகிறார். ஆகவே மூட்டையை எண்ணுங்கள். ஆனால் கிலோவில் எழுதுங்கள்.

நம் முன்னோர் அளவில் அசிரத்தையாக இருந்தவர்கள் அல்லர். நெல் அளப்பவர் முதல் மரக்காலை 'ஒன்று' என்னாமல் 'லாபம்' என்று மங்களமாகத் தொடங்கி, எண்ணிக்கை தவறாமலிருக்க உரக்கச் சொல்லிக்கொண்டே அளப்பார். குறை அவர்களிடம் இல்லை, அளவையில் இருந்தது. ஓர் ஊர் மரக்கால் மற்றோர் ஊர் மரக்காலோடு ஒத்திராது. தலைதட்டி அளப்பது ஒன்று, குவித்து அளப்பது வேறொன்று. வாங்கும்போது குவித்தும், கொடுக்கும்போது தலைதட்டியும் அளந்த வியாபாரிகளைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

இந்தக் குழப்பத்தை நீக்குவதற்காகவே 1956-ஆம் ஆண்டில் இந்தியாவில் அளவைச் சட்டம் இயற்றப்பட்டது. 1958 முதல் படிப்படியாகக் கிலோகிராமும் மீட்டரும் லிட்டரும் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தன. இன்று நம் சங்கத் தராசில் காணும் ஒரு கிலோவும், ஜப்பானில் உள்ள ஒரு கிலோவும் ஒன்றே. 1889 முதல் பாரிஸ் நகரத்துக்கு அருகில் காப்பாற்றி வைக்கப்பட்டிருந்த ஓர் உலோக உருளையே கிலோகிராமுக்கு மூலமாக இருந்தது. 2019-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் தேதி முதல், எந்த உருளையையும் சாராமல், இயற்கையில் என்றும் மாறாத ஓர் எண்ணைக் கொண்டு கிலோகிராமை வரையறுத்திருக்கிறார்கள். அந்த மூலத்திலிருந்து படிப்படியாக இறங்கி வரும் தொடர்ச்சியின் கடைசிக் கண்ணிதான் நம் தராசின்மேல் இருக்கும் அரசாங்க முத்திரை. முத்திரையின் காலம் கடந்துவிட்டால் அந்தக் கண்ணி அறுந்துவிட்டது என்று கொள்ளவேண்டும்.

ஓர் அலகிலிருந்து மற்றோர் அலகுக்கு

பழைய அலகுகள் சட்டத்தில் இல்லாவிடினும் பேச்சில் இருக்கின்றன. பழைய பத்திரங்களிலும் இருக்கின்றன. நிலத்தை நாம் ஏக்கரிலும் சென்ட்டிலும் பேசுகிறோம். சர்க்கார் பட்டியல்கள் ஹெக்டேரில் கேட்கின்றன. ஆகையால் மாற்றும் முறையைக் கற்பது அவசியம்.

முறை எளிது. அலகையும் எண்ணைப்போலவே எழுதி, பின்னத்தின் மேலும் கீழும் ஒரே அலகு வந்தால் அடித்துவிட வேண்டும். கடைசியில் எந்த அலகு மிஞ்சுகிறதோ அதுவே விடையின் அலகு. நாம் விரும்பிய அலகு மிஞ்சாவிட்டால், பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்திருக்கிறோம் என்று உடனே தெரிந்துவிடும்.

ஓர் உதாரணம். நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து என்று ஒரு சிபாரிசு இருப்பதாக வைத்துக்கொள்வோம். 100 கிலோ யூரியாவில் 46 கிலோ தழைச்சத்து உண்டு. ஆகவே ஹெக்டேருக்கு வேண்டிய யூரியா, 150-ஐ 100-ஆல் பெருக்கி 46-ஆல் வகுக்க, 326 கிலோ. ஒரு ஹெக்டேர் 2.471 ஏக்கர். 326-ஐ 2.471-ஆல் வகுத்தால் ஏக்கருக்கு 132 கிலோ. 45 கிலோ மூட்டையில் இது 3 மூட்டைக்குச் சற்றுக் குறைவு. இதைத் தவணைகளாகப் பிரித்து இடவேண்டும். ஹெக்டேர் என்ற அலகைக் கவனியாமல் 326 கிலோவையும் ஒரே ஏக்கரில் இட்டவன் கதி என்ன? இரண்டரை மடங்கு உரம். பணம் வீண், பயிர் சாயும், பூச்சியும் நோயும் சேரும். எண் சரியாக இருந்தும், அலகு தவறியதால் வெள்ளாமை கெட்டது.

எடைக்கும் கொள்ளளவுக்கும் உள்ள பேதத்தையும் இங்கே சொல்லவேண்டும். லிட்டர் என்பது இடத்தின் அளவு. கிலோ என்பது பொருளின் அளவு. நீர் ஒரு லிட்டர் ஏறக்குறைய ஒரு கிலோ இருப்பதால், எல்லாத் திரவமும் அப்படியே என்று பலர் நினைக்கிறார்கள். பால் ஒரு லிட்டர் சுமார் 1.03 கிலோ. 100 லிட்டர் பால் 103 கிலோ. ஓரிடத்தில் லிட்டரிலும் மற்றோரிடத்தில் கிலோவிலும் எழுதினால், நூற்றுக்கு 3 மிகுந்ததாகவோ குறைந்ததாகவோ தோன்றும். பால் ஊற்றியவரை அளந்தவர் சந்தேகிப்பார். அளந்தவரை ஊற்றியவர் சந்தேகிப்பார். இருவரும் நிரபராதிகள்.

இது பாமரர் மட்டும் செய்யும் பிழை என்று எண்ணிவிடாதீர்கள். 1983-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 23-ஆம் தேதி கனடா தேசத்தில் 69 பேரைச் சுமந்து சென்ற ஒரு பெரிய விமானம், நடுவானில் எரிபொருள் தீர்ந்து இரண்டு இயந்திரங்களும் நின்றுபோயிற்று. புறப்படுமுன் வேண்டியிருந்த எரிபொருள் 22,300 கிலோ. தொட்டியில் இருந்தது 7,682 லிட்டர். லிட்டரைக் கிலோவாக்க 0.803-ஆல் பெருக்கியிருக்க வேண்டும். கணக்கிட்டவர்கள் 1.77-ஆல் பெருக்கினார்கள். 1.77 என்பது ஒரு லிட்டருக்கு இத்தனை பவுண்டு என்னும் எண்; கிலோ அன்று. அந்த நாட்டில் அப்பொழுதுதான் பவுண்டிலிருந்து கிலோவுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். 20,000 லிட்டர் நிரப்ப வேண்டிய இடத்தில் சுமார் 4,900 லிட்டர்தான் நிரப்பப்பட்டது. விமானி சாமர்த்தியசாலியாக இருந்ததால், கிம்லி என்னும் இடத்தில் கைவிடப்பட்ட பழைய விமானத்தளம் ஒன்றில் விமானத்தை மிதக்கவிட்டு இறக்கி அத்தனை உயிர்களையும் காப்பாற்றினார். பெருக்கலிலும் கழித்தலிலும் பிழையில்லை. அலகை ஒருவரும் கேட்கவில்லை.

எத்தனை இலக்கங்களை நம்பலாம்?

இனி இரண்டாவது விஷயம். அளந்த எண்ணில் எத்தனை இலக்கங்கள் உண்மையானவை? இவற்றைப் புத்தகத்தில் முக்கிய இலக்கங்கள் என்பார்கள்.

நெல் நிறுக்கும் மேடைத் தராசு 100 கிராமுக்கு ஒரு பிரிவு காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 41.3 கிலோ என்று காட்டினால், உண்மை எடை 41.25-க்கும் 41.35-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்றே பொருள். இங்கே முக்கிய இலக்கங்கள் மூன்று. அதை 41.300 என்று எழுதினால் என்ன? எண் மாறவில்லை, ஆனால் கிராம் வரையில் நிறுத்தேன் என்று பொய் சாட்சி சொல்லியதாகும். கடைசியில் வரும் பூஜ்யம் வெறும் அலங்காரமன்று; 'இதுவரையில் பார்த்தேன்' என்பதற்கு அது கையெழுத்து.

ஒரு மனைக்கட்டை நாடாவால் அளக்கிறோம். நீளம் 31.2 மீட்டர், அகலம் 18.7 மீட்டர். பெருக்கினால் 583.44 சதுர மீட்டர். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர். வகுத்தால் கணக்குப் பொறி 14.4166 என்று வரிசையாக இலக்கங்களைக் காட்டும். காகிதத்தில் 14.417 சென்ட் என்று எழுதிவிடுவார்கள். அது நியாயமா? நீளம் உண்மையில் 31.15 முதல் 31.25 வரையில் இருக்கலாம், அகலம் 18.65 முதல் 18.75 வரையில் இருக்கலாம். இரண்டும் குறைவாக இருந்தால் பரப்பு 14.36 சென்ட், இரண்டும் மிகுதியாக இருந்தால் 14.48 சென்ட். தசமப் புள்ளிக்குப் பின் முதல் இலக்கமே ஆட்டம் கொள்ளும்போது, மூன்றாம் இலக்கத்தை யார் கண்டது? பெருக்கலிலும் வகுத்தலிலும், சேர்ந்த எண்களில் மிகக் குறைந்த முக்கிய இலக்கங்கள் எத்தனையோ அத்தனையே விடையிலும் இருக்கவேண்டும் என்பது விதி. ஆகவே 14.4 சென்ட் என்று எழுதுவதே நேர்மை. அண்டை வீட்டுக்காரர்கள் இருவர், இரண்டு சர்வேயர்களின் காகிதத்தில் மூன்றாம் தசம ஸ்தானம் வேறுபடுகிறது என்று வழக்காடப் புறப்பட்டால், கோர்ட்டுச் செலவு அந்த மண்ணின் விலையைக் காட்டிலும் பன்மடங்காகும்.

நகையில் நிலைமை வேறு. அங்கே ஒவ்வோர் இலக்கத்துக்கும் விலை உண்டு. நாம் பவுன் என்பது ஆதியில் இங்கிலாந்து தேசத்துத் தங்க நாணயத்தின் எடை. அந்த நாணயம் 7.988 கிராம், வழக்கில் 8 கிராம் என்கிறோம். 12 பவுன் என்று ஓர் அம்மாள் நகை கொண்டுவந்தால், ஒரு கணக்கில் 96.00 கிராம், மற்றொரு கணக்கில் 95.86 கிராம். நெல் நிறுக்கும் தராசுக்கு இந்த வித்தியாசம் பொருட்டன்று. நகை நிறுக்கும் மின்னணுத் தராசு கிராமில் நூற்றில் ஒரு பங்கைக் காட்டுவதாகையால் 14 பிரிவுகள் வித்தியாசம். ஆகவே நகையைப் பவுனில் கேட்டுக்கொள்ளலாம். கிராமில் நிறுத்து, தராசு காட்டிய இலக்கங்களை அப்படியே, கூட்டாமல் குறைக்காமல் எழுதி, நகைக்கு உடையவருக்கும் காட்டவேண்டும்.

நான் செய்த பிழை

சில வருஷங்களுக்கு முன் நான் தணிக்கை செய்த ஒரு சங்கத்தில் நடந்தது இது. சங்கத்தின் பெயர் வேண்டாம். குற்றம் சங்கத்தினுடையதன்று, என்னுடையது. பதிவேட்டின்படி அங்கத்தினர்களின் சாகுபடி நிலம் மொத்தம் 612 ஏக்கர். பட்டியலை ஹெக்டேரில் அனுப்ப வேண்டியிருந்ததால், காரியதரிசி ஒவ்வொருவர் நிலத்தையும் மாற்றி எழுதி, மொத்தம் 244.8 ஹெக்டேர் என்று போட்டிருந்தார். சரிபார்ப்பதற்காக நான் அதை 2.471-ஆல் பெருக்கினேன். 604.9 ஏக்கர்தான் வந்தது. 7 ஏக்கருக்கு மேல் காணோம். சிறு விவசாயிகள் சிலரின் பெயர் விடுபட்டிருக்கிறது, அல்லது வேண்டுமென்றே விடப்பட்டிருக்கிறது என்று தீர்மானித்தேன். பத்தொன்பது வருஷம் அப்பழுக்கின்றி வேலை பார்த்த அந்தக் காரியதரிசியிடம், பஞ்சாயத்தார் முன்னிலையில், எழுத்துமூலமாகச் சமாதானம் கேட்டேன்.

அவர் மறுபேச்சுப் பேசவில்லை. அன்று இரவு முழுவதும் சங்கக் கட்டடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காலையில் நான் போனபோது, எல்லாப் பெயர்களையும் இரண்டு முறை ஒத்துப்பார்த்துவிட்டதாகவும், ஒருவர் பெயரும் விடுபடவில்லை என்றும் சொன்னார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பஞ்சாயத்தாரில் வயதான ஒருவர் அப்பொழுது குறுக்கிட்டார். "இன்ஸ்பெக்டர் ஐயா, 612 ஏக்கரை விட்டுவிடுங்கள். ஒரே ஓர் ஏக்கரை இந்த வழியில் அனுப்பித் திரும்ப வரவழைத்துப் பாருங்கள்" என்றார். காரியதரிசி ஏக்கரை 0.4-ஆல் பெருக்கியிருந்தார். ஓர் ஏக்கர் 0.4 ஹெக்டேராயிற்று. அதை 2.471-ஆல் பெருக்கினேன். 0.9884 ஏக்கர் வந்தது. "போனது 100 சென்ட், வந்தது 98.84 சென்ட். ஒரு சென்ட்டுக்கு மேல் வழியில் எங்கேயோ விழுந்துவிட்டதே! 612 ஏக்கருக்கும் இப்படியே விழுந்தால் 7 ஏக்கர் ஆகாதா?" என்றார் பெரியவர்.

ஓர் ஏக்கர் 0.4047 ஹெக்டேர். மூன்று முக்கிய இலக்கமுள்ள 612-ஐ ஒரே இலக்கமுள்ள 0.4-ஆல் பெருக்கிவிட்டு, விடையின் நான்கு இலக்கங்களையும் நம்பியது பிழை. "இந்த 0.4 என்ற எண்ணை உமக்குச் சொன்னது யார்?" என்று கேட்டேன். காரியதரிசி ஒரு காகிதத்தை எடுத்து மேஜையின்மேல் வைத்தார். முந்திய விஜயத்தின்போது எழுதித் தரப்பட்ட குறிப்பு அது. எழுத்து என்னுடையது.

பஞ்சாயத்தார் முன்னிலையிலேயே அவரிடம் மன்னிப்புக் கேட்டு, விஜயப் புத்தகத்திலும் அவ்வாறே எழுதிக் கையெழுத்திட்டேன். அவர் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார். ஆனால் அந்த ஓர் இரவை என்னால் அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

சுருக்கி எழுதுவதே பாவம் என்று நான் சொல்லவரவில்லை. 3 தோலா ஒரு பலம், 40 பலம் ஒரு வீசை. ஒரு தோலா 11.6638 கிராம் ஆகையால் வீசை 1,399.66 கிராம். இதை 1.4 கிலோ என்று கொள்வதால், வீசைக்கு அரைக் கிராம்கூட வித்தியாசம் வராது. எந்தக் கடைத் தராசும் அதை அறியாது. அங்கே சுருக்கியது சரி. ஏக்கரில் அதே சுருக்கம் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் நஷ்டம் விளைவித்தது. எதைச் சுருக்கலாம், எதைச் சுருக்கக்கூடாது என்பதை அறிவதே இந்த வித்தை.

கைக்கொள்ள வேண்டியவை

1. அலகில்லாத எண்ணை எந்த ரிஜிஸ்தரிலும் எழுதாதீர்கள், எழுதியிருந்தால் கையெழுத்திடாதீர்கள்.

2. மூட்டை, குடம், பவுன் என்பவற்றைப் பேச்சில் வைத்துக்கொண்டு, எழுத்தில் கிலோ, லிட்டர், கிராம் என்று எழுதுங்கள்.

3. கருவி காட்டிய இலக்கங்களை மட்டும் எழுதுங்கள். கணக்குப் பொறி காட்டும் இலக்கங்கள் எல்லாம் நீங்கள் அளந்தவை அல்ல.

4. மாற்று எண்ணில் நான்கு இலக்கங்களை வைத்துக்கொள்ளுங்கள்: ஏக்கருக்கு 0.4047 ஹெக்டேர், ஹெக்டேருக்கு 2.471 ஏக்கர். சுருக்குவதைக் கணக்கின் கடைசியில், ஒரே முறை செய்யுங்கள்.

5. மாற்றிய அளவைத் திரும்ப மாற்றிப் பாருங்கள். போனது திரும்பி வராவிட்டால், மனிதர்மேல் சந்தேகப்படுமுன் எண்ணின்மேல் சந்தேகப்படுங்கள்.

அங்கத்தினர்களே! நம் முன்னோர் இத்தகைய சங்கங்களுக்கு ஐக்கிய நாணய சங்கம் என்று பெயரிட்டார்கள். நாணயம் என்பது காசுக்கும் பெயர், யோக்கியதைக்கும் பெயர். அயலார் ஒருவரையொருவர் நம்புவதே நம் மூலதனம். அந்த நம்பிக்கை பெரிய மோசடிகளால் கெடுவது அபூர்வம். ஒரு சென்ட், ஒரு லிட்டர், ஒரு மூட்டை என்று சிறு சிறு கணக்குப் பிணக்குகளால் கெடுவதே அதிகம். அடுத்த முறை உங்கள் நெல்லோ பாலோ நகையோ தராசில் ஏறும்போது அருகில் நில்லுங்கள். எண்ணைப் பாருங்கள், அலகைக் கேளுங்கள், எழுதியதை வாசிக்கச் சொல்லுங்கள். நல்ல காரியதரிசி அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார். பொய்யான ஒரு சந்தேகத்திலிருந்து அது அவரையும் காப்பாற்றும்.